பழங்காலக் கவுண் தைத்தால்: எங்கே இழுக்கிறது, எங்கே பிரிப்பது

திருகோணமலையில் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. சார்லஸ் ஆஸ்டின் என்ற கடற்படைத் தளபதியை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1852 இல் பர்மாப் போரின்போது இறந்தவர். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. இதை யாரோ பள்ளிக்கூடத்தில் சொல்லப்போக, ஆங்கில தினத்துக்கு அக்காவும் தம்பியுமாக ஒரு சின்ன நாடகம் போடுவதென்று முடிவாகி, அக்கா வேடம் என் பெறாமகளுக்குக் கிடைத்து, அவளுக்கான கவுண் என் தலையில் வந்து விழுந்தது.

"சின்னம்மா, பற்றன் இருக்கு. நீங்க வெட்டித் தைச்சாச் சரி" என்றாள்.

உவர்மலையில் வீட்டோடு இருந்து முப்பது வருடமாகச் சேலை பிளவுஸும் பள்ளிச் சட்டையும் தைக்கிறேன். பற்றன் என்கிற வெட்டு மாதிரித் தாளே இல்லாமல் அளவுச் சட்டையைப் பார்த்து வெட்டுகிற கை. அப்படியும் இந்த ஒரு கவுணை மூன்று தரம் பிரித்தேன். பிரித்தபின்தான் விளங்கியது, அந்தக் கையாலேயேதான் பாதிப் பிழை. பிளவுஸ் பழகினவர்கள் எங்கெங்கே வழுக்குவார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அதனால் போட்டுப் பார்த்தவுடன் கண்ணில் படுகிற கோளாறுகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது 1800 க்கும் 1820 க்கும் இடைப்பட்ட கவுண். இடுப்புக் கோடு மார்புக்குக் கீழேயே நிற்கும். முன்பக்கம் நேராக விழும். முதுகு ஒடுங்கியிருக்கும், சுருக்கெல்லாம் பின்னால். உங்கள் பற்றன் வேறு காலத்தது என்றால் கீழே உள்ளதில் பாதி பொருந்தாது. தம்பிக்காரர் இறந்த 1852 இல் இடுப்பு அதன் இடத்துக்கே இறங்கி, பாவாடை குடைபோல விரிந்துவிட்டது. அது வேறு சண்டை.

நல்ல துணியில் கை வைக்குமுன் பழைய பெட்சீற்றிலோ கிழிந்த வேட்டியிலோ ஒத்திகைச் சட்டை ஒன்று வெட்டி, பெரிய பெரிய தையலாகக் கையால் நூலோட்டிப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது கேட்டது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். இன்னொன்று: இந்தக் கவுணில் இழுப்பது ஓரிடமாகவும் பிழை வேறிடமாகவும் இருக்கும். கத்தரிக்கோலை எடுக்குமுன் சுருக்கம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். சுருக்கக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அதன் நுனியில் பிழை இருக்கும்.

எல்லா இடமும் ஒன்றுபோல இறுக்கம்

தோள், மார்பு, கை என்று எல்லாமே ஒரே அளவாகச் சிறுத்திருந்தால் பிழை வெட்டில் இல்லை, அச்சில். கொமியூனிகேஷன் கடையில் பிடிஎஃப் கோப்பைக் கொடுத்தால், கடைத் தம்பி தாளுக்குள் அடங்கட்டும் என்று சுருக்கி அடித்துவிடுவார். நல்லெண்ணத்தில்தான். அமெரிக்காவில் வரைந்த பற்றன் 'லெட்டர்' தாளுக்கு வரைந்தது. அது 216 க்கு 279 மில்லிமீற்றர். நம்முடைய ஏ4 தாள் 210 க்கு 297. அகலத்தில் 6 மில்லிமீற்றர் போதாமல் போக, கணினி முழுப் படத்தையும் சுருக்குகிறது.

முதல் பக்கத்தில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். எங்களுடையது 5 சென்ரிமீற்றர் இருக்கவேண்டியது, 4.8 இருந்தது. "இரண்டு மில்லிமீற்றர்தானே" என்று விட்டுவிட்டேன். நூற்றுக்கு நாலு குறைவு என்றால் 36 அங்குல மார்பு முப்பத்துநாலரை ஆகிவிடும். அந்த ஒன்றரை அங்குலத்துக்காக ஒரு முழு ஒத்திகைச் சட்டையும் நிலம் துடைக்கப் போனது. எனவே "100 வீதத்தில், சுருக்காமல்" என்று சொல்லி முதலில் ஒரே ஒரு பக்கத்தை அடிப்பித்து, கடையிலேயே அடிமட்டம் வைத்து அளந்துவிட்டு மீதியை அடிப்பியுங்கள். அளவுநாடா வேண்டாம், பழைய நாடா இழுபட்டிருக்கும்.

சதுரம் சரியாக இருந்தும் இறுக்கம் என்றால், தையலுக்கு விடும் ஓரத்தைப் பாருங்கள். பெரிய கம்பனிகளின் பற்றன்களில் 5/8 அங்குலம் சேர்ந்தே இருக்கும். பழைய உடைகளைப் பார்த்து வரைந்த சிலவற்றில் ஒன்றுமே சேர்த்திருக்காது, நீங்கள்தான் விடவேண்டும். முதல் பக்கத்துச் சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். எது எப்படியோ, பிளவுஸுக்கு உள்ளே விடுகிற மாதிரிப் பக்கத் தையலில் ஒரு அங்குலம் கூடுதலாக விடுங்கள். பிளவுஸ் பழக்கம் கைகொடுக்கிற இடம் இது ஒன்றுதான்.

இடுப்புத் தையல் மார்பின் மேல் ஏறி நிற்கிறது

கீழே இருக்கவேண்டிய தையல் மார்பை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகும். பார்க்கவே அவலமாக இருக்கும். உடனே மேற்பகுதி குட்டை என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலத்துப் பெண்கள் உள்ளே இறுக்கமான ஒரு கச்சு அணிந்தார்கள். அது மார்பை நன்றாக மேலே தூக்கிப் பிடிக்கும். பற்றனும் அந்த உடம்புக்குத்தான் வரைந்திருக்கும். முதலில் உள்ளாடையின் தோள்பட்டியைச் சுருக்கிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அதிலேயே முக்கால்வாசி சரியாயிற்று. அளவு எடுக்கும்போதும் அதே உள்ளாடை, அதே சுருக்கின பட்டி இருக்கவேண்டும்.

அப்படியும் ஏறினால் முன்பக்க நடுவில் மட்டும் கீழே நீளம் கூட்டுங்கள். நடுவில் முக்கால் அங்குலம் கூட்டி, பக்கத் தையலுக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் தேய்த்துவிடவேண்டும். பின்பக்கத்தைத் தொடவேண்டாம். முதுகில் இடுப்புக் கோடு உயர்ந்து நிற்பதுதான் இந்தக் கவுணுக்கு அழகு. நல்ல துணியில் ஏற்கெனவே வெட்டியாயிற்று என்றால், மேற்பகுதிக்கும் பாவாடைக்கும் நடுவே ஓர் அங்குலப் பட்டி கொடுத்து மேலே ரிபன் கட்டிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது.

கையைத் தூக்கினால் சட்டை முழுதும் சேர்ந்து ஏறுகிறது

என்னை ஆகக் கூடுதலாக அலைக்கழித்தது இதுதான். நாடகத்தில் அவள் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கவேண்டும். ஒத்திகைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குசினித் தட்டில் இருந்த சீனிப் போத்தலை எடுக்கச் சொன்னேன். கை தோள் உயரத்துக்கு வந்தது, அத்தோடு நின்றது. பாவாடை முழங்கால்வரை வந்துவிட்டது. "ஏலாது சின்னம்மா, யாரோ கீழ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

கைக்குழி இறுக்கம் என்று யாருக்கும் தோன்றும். பிளவுஸுக்கு அப்படித்தானே செய்வோம், அக்குளில் கொஞ்சம் வெட்டிவிட்டால் இறுக்கம் போய்விடும். அரை அங்குலம் வெட்டினேன். இன்னும் மோசமானது. இன்னும் அரை அங்குலம் வெட்டினேன். இப்போது கை தோளுக்கும் வரவில்லை.

கைக்குழியின் அடி அக்குளுக்குக் கிட்ட இருந்தால், கையைத் தூக்கும்போது கைத்துணி மட்டும் அசையும். அடி கீழே இறங்க இறங்க, கை தூக்கும்போது பக்கத் தையலையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் போகும். பக்கத் தையலில் பாவாடை தொங்குகிறது, பாவாடையும் கூடவே வரும். பிளவுஸ் இடுப்புக்கு மேலே முடிந்துவிடுவதால் அது ஏறுவது நம் கண்ணில் படுவதில்லை. முப்பது வருடமாக எத்தனை பிளவுஸ் இப்படி ஏறியிருக்குமோ, சேலைத் தலைப்பு மறைத்துவிட்டது.

சோதனை இலகு. கையைத் தொங்கவிட்டு, அக்குளுக்கும் கைக்குழியின் அடிக்கும் நடுவே விரலை விடுங்கள். ஒரு விரல் போகலாம். இரண்டு விரல் போனால் குழி தாழ்ந்துவிட்டது. துணி வெட்டவில்லை என்றால், பற்றனில் முன்னும் பின்னும் குழியின் அடியை முக்கால் அங்குலம் உயர்த்திக் கோடு போடுங்கள். கையின் வளைவையும் அடியில் அதேயளவு உயர்த்தவேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாது. உயர்த்தினபின் முதல் தரம் போடும்போது அக்குளில் இடிக்கிற மாதிரி இருக்கும். பயந்து வெட்டிவிடாதீர்கள். தையல் ஓரம் உள்ளே நிற்பதால்தான் அந்த இடி. ஓரத்தைக் கால் அங்குலமாகக் கத்தரித்து, வளைவில் சின்னச் சின்னக் கீறல் கொடுத்தால் அடங்கிவிடும்.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள் என்றால் அக்குள் துண்டு வைக்கலாம். 3 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, சாய்சதுரமாகத் திருப்பி, ஒரு மூலை கைத் தையலிலும் எதிர்மூலை பக்கத் தையலிலும் வருகிறமாதிரி வைத்துத் தைக்கவேண்டும். அந்தக் காலத்து உட்சட்டைகளில் இந்தத் துண்டு வழக்கமாகவே இருந்தது, எனவே ஒட்டுப் போட்ட மாதிரி வெட்கப்பட வேண்டியதில்லை. மூலையில் தையலை நிறுத்தும்போது ஊசியைத் துணிக்குள் குத்தி நிறுத்திக்கொண்டு திருப்புங்கள். வொயில் போன்ற மெல்லிய துணியானால் மூலைக்குப் பின்னால் பெருவிரல் நகமளவு துணி ஒன்று வைத்துத் தைத்தால் கிழியாது.

கையை மேலே தூக்க முடிகிறது, முன்னால் நீட்டினால்தான் முதுகு வெடிக்கும்போல இருக்கிறது என்றால் அது வேறு. இந்தக் கவுணின் முதுகு ஒடுக்கமானது. கை தோள்பட்டை எலும்பின் மேலேயே ஏறிப் பொருந்தும், தோள் தையலும் பின்னுக்குச் சரிந்திருக்கும். அதைப் பிழை என்று நினைத்து முதுகை அகட்டினால் கவுணின் உருவமே போய்விடும். பக்கத்துக்குக் கால் அங்குலத்துக்கு மேல் முதுகில் கூட்டாதீர்கள். கூட்டவேண்டியது கையின் பின்பாதியில். கைத்தலையின், அதாவது கைத்துணி தோளில் சேருகிற மேல்வளைவின், சுருக்கை உச்சியில் குவிக்காமல் பின்னுக்குத் தள்ளித் தைத்தால் முழங்கை முன்னால் போக இடம் கிடைக்கும்.

கை முறுக்கிக்கொண்டு நிற்கிறது

வலக்கையை இடக்கையில் தைத்துவிட்டீர்கள். பற்றனில் கை ஓரத்தில் வெட்டுக் குறிகள் இருக்கும். ஒற்றைக் குறி முன்பக்கம், இரட்டைக் குறி பின்பக்கம். பிரித்து மாற்றுங்கள்.

மாறவில்லை, ஆனாலும் முறுக்குகிறது என்றால், கைத் தையலைப் பக்கத் தையலோடு ஒட்டவைத்துத் தைத்திருப்பீர்கள். பிளவுஸில் இரண்டும் ஒரே கோட்டில் வரும். இதில் பெரும்பாலும் வராது. குறிகளைத்தான் ஒட்டவேண்டும்.

கழுத்து வாய் பிளக்கிறது

அகலக் கழுத்து, அதுவும் சாய்வாக வெட்டுப்பட்ட ஓரம். அதைப் பிடித்துத் தூக்கினாலே இழுபடும். வெட்டின கையோடு, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளிக் கையால் ஒரு வரி நூலோட்டி விடவேண்டும். நான் வெட்டிக் கொடியில் போட்டுவிட்டு மத்தியானம் சமைக்கப் போனேன். பின்னேரம் வந்து அளந்தால் முக்கால் அங்குலம் நீண்டிருந்தது.

எங்கே பிளக்கிறது என்று பார்க்கவேண்டும். முன் நடுவில் என்றால் நாடாதான் மருந்து. கழுத்து ஓரத்தில் மெல்லிய பட்டி தைத்து, பாவாடைக்கு நாடா கோப்பது போலக் கோத்து இழுத்துக் கட்டிவிடலாம். 1800 களில் கழுத்தையும் இடுப்பையும் இப்படி நாடா இழுத்துக் கட்டுகிற கவுண்கள் ஏராளம், எனவே பிழையை மறைத்ததாகவும் ஆகாது. தோளுக்குக் கிட்டப் பிளந்தால் நாடா உதவாது. தோள் தையலின் கழுத்துப் பக்க நுனியைக் கால் அங்குலம் உள்ளே பிடியுங்கள், கைப்பக்க நுனியை விட்டுவிடுங்கள்.

பின்னால் பூட்டுவதற்கு சிப் வைக்க மட்டும் வேண்டாம். அந்தக் காலத்தில் சிப் இல்லை. நாடா, கொக்கி, சின்னப் பொத்தான், குண்டூசி, இவ்வளவுதான். சட்டை ஊசிகூட 1849 இல்தான் வந்தது. மேடையில் அவசரத்துக்குக் குத்துவது உங்கள் மனச்சாட்சியின் பாடு.

முன்னால் உப்பிக்கொண்டு நிற்கிறது

அம்மா சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு எத்தினை மாசம்?" என்று கேட்டார். பெறாமகள் அழாத குறை.

இதற்கும் பழக்கம்தான் காரணம். குழந்தைப் பிள்ளைகளின் சட்டை தைக்கும்போது பாவாடையைச் சுற்றிவரச் சமனாகச் சுருக்குவோம். கை அப்படியே போகும். இடுப்பு மார்புக்குக் கீழே இருக்கிற உடுப்பில் அப்படிச் செய்தால் வயிற்றின் மேல் கூடாரம்தான். இந்தக் கவுணில் முன்பக்கத்தில் சுருக்கே கிடையாது, பக்கங்களிலும் இல்லை. எல்லாம் முதுகு நடுவில்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். மார்புக்குக் கீழே சுற்றளவு 30 அங்குலம். பாவாடையின் மேல் அகலம் 50. முன்னாலும் பக்கங்களிலுமாக 24 அங்குலத்தைச் சுருக்கில்லாமல் அப்படியே ஒட்டினேன். மீதி 26 அங்குலத் துணியும் பின் நடுவில் 6 அங்குலத்துக்குள் அடங்கவேண்டும். நாலு மடங்குக்கு மேல். மெசினில் நீளத் தையல் போட்டு நூலை இழுத்தால் பாதியில் அறுந்துவிடும், எனக்கு இரண்டு தரம் அறுந்தது. கையால்தான் செய்யவேண்டும். தடித்த நூலில், கால் அங்குலத் தையலாக, ஒன்றின் கீழ் ஒன்று மூன்று வரி ஓட்டுங்கள். மேல்வரித் தையல் உள்ளே போகிற இடத்தில் கீழ்வரியும் உள்ளே போகவேண்டும். சவர்க்காரத் துண்டால் புள்ளி போட்டுக்கொண்டால் தவறாது. மூன்று நூலையும் ஒன்றாக இழுத்தால், கசங்கிய சுருக்காக வராமல் சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கும். அந்த ஒவ்வொரு மடிப்பையும் மேற்பகுதியின் ஓரத்தோடு கையால் ஒரு தையல் பிடிக்கவேண்டும். எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. போனாலும் போகட்டும், பின்னாலிருந்து பார்க்க அந்த ஆறு அங்குலத்தில்தான் கவுணே இருக்கிறது.

சுருக்கைப் பின்னுக்குத் தள்ளியும் உப்பினால் குற்றம் துணியில். பொப்லின் விறைப்பு, இதற்கு ஒத்துவராது. கடையில் ஒரு முழத்தை விரித்துக் கையில் தொங்கவிட்டுப் பாருங்கள், விழவேண்டும், நிற்கக்கூடாது. ஐரோப்பாவில் இந்த நாகரிகத்தையே நடத்தியது வங்காளத்து மஸ்லின். நம் பக்கத்துத் துணி அங்கே போய்க் கவுணாகியிருக்கிறது. மத்திய வீதித் துணிக்கடைகளில் தேடினால் வெள்ளை வொயில் கிடைக்கும். நான் அம்மாவின் பழைய வொயில் சேலை ஒன்றை எடுத்தேன். கரையைக் கீழ்ஓரமாக வைத்தால் மடித்துத் தைக்கிற வேலையும் மிச்சம், அழகும் தனி. ஆனால் அப்படி வைத்தால் சேலையின் அகலம்தான் பாவாடையின் நீளம். 44 அங்குலச் சேலை என் பெறாமகளுக்குக் கணுக்கால்வரை வந்தது. உயரமான பிள்ளைக்குப் போதாது.

தையல் சுருங்கிச் சுருங்கி வருகிறது

மெல்லிய துணியில் தடித்த ஊசி. பள்ளிச் சட்டைக்குப் போட்ட 16 ஆம் நம்பர் ஊசியைக் கழற்றி 9 அல்லது 11 போடுங்கள். தையல் நீளத்தை 2 மில்லிமீற்றருக்குக் கொண்டுவாருங்கள். மேல்நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இன்னும் சுருங்கினால் நூலைப் பாருங்கள், பொபினில் ஒன்றும் மேலே வேறொன்றும் ஓடுகிறதா என்று. தொடங்கும் இடத்தில் துணி ஊசித்தட்டின் ஓட்டைக்குள் இழுபட்டால், கீழே மெல்லிய தாள் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். பற்றன் அச்சடித்ததில் மிஞ்சின தாள் மட்டும் வேண்டாம், மை வெள்ளைத் துணியில் ஒட்டும்.

எலியாஸ் ஹோவ் தையல் மெசினுக்குக் காப்புரிமை பெற்றது 1846 இல். 1810 இல் எல்லாம் கைத்தையல். முழுக்கக் கையால் தைக்கிற பொறுமை எனக்கில்லை. நீளத் தையல்களை மெசினில் ஓட்டிவிட்டு, வெளியே தெரிகிற கழுத்தோரத்தையும் கையோரத்தையும் மட்டும் கையால் தைத்தேன்.

வெயிலில் கால் தெரிகிறது

வொயிலென்றால் தெரியும். சேலைக்குக் கட்டுகிற உட்பாவாடையைப் போட்டால், இயல்பான இடுப்பில் ஒரு கோடு விழுந்து உயர்ந்த இடுப்பின் தோற்றத்தைக் கெடுக்கும். பழைய உட்பாவாடை ஒன்றின் நாடாவைக் கழற்றி, மார்புக்குக் கீழே வருகிறமாதிரி உயர்த்தி, இரண்டு தோள்பட்டி வைத்துவிடுங்கள். நீளம் போதாமல் போனால் கீழே துண்டு கொடுங்கள். பொலியெஸ்டர் லைனிங் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சித்திரை மாதத்தில் ஒருநாள் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள்.

வெள்ளைத் துணியில் மண்ணிறப் புள்ளிகள்

துரு. கடற்காற்று அடிக்கிற ஊரில் குண்டூசியைத் துணியில் குத்தி இரவு முழுக்க விட்டால் விடிய அடையாளம் இருக்கும். மாரியில் இன்னும் மோசம். வேலை முடிந்ததும் ஊசிகளை எடுத்து மூடியுள்ள போத்தலில் போடுங்கள், கத்தரிக்கோலையும் துடைத்து வையுங்கள். பட்ட இடத்தில் தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில் காயவிட்டு அலசினால் வெள்ளைப் பருத்தியில் போய்விடும். நிறத் துணியில் முதலில் உள்ளோரத்தில் ஒரு சொட்டுப் பரீட்சித்துப் பாருங்கள், நிறமும் சேர்ந்து போகலாம்.

பாவாடை ஒருபக்கமாகத் திருகுகிறது, கீழ்ஓரம் சமனில்லை

இரண்டும் ஒன்றல்ல. திருகினால் துணியின் நூலோட்டம், அதாவது நெசவு நூல் ஓடுகிற திசை, கோணல். கடையில் வெட்டித் தந்த ஓரத்தை நம்பி மடித்திருப்பீர்கள். ஒரு நூலை இழுத்து அந்தக் கோட்டில் வெட்டியிருக்கவேண்டும். தைத்தபின் இதற்கு மருந்து குறைவு. ஈரமாக்கி, மூலைக்கு மூலை இழுத்து, நேராகப் பிடித்துக் காயவிட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் கேட்கும், முழுக்கக் கேட்காது.

திருகாமல் கீழ்ஓரம் மட்டும் ஏறி இறங்கினால், சாய்வாக வெட்டின பக்கங்கள் தொங்கி நீண்டிருக்கும். அது இயல்பு. அதனால்தான் கீழ்ஓரத்தை மடிக்குமுன் கவுணை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடச் சொல்கிறார்கள். வெட்டுமுன் துணியை நனைத்துக் காயவைத்திருக்கவும் வேண்டும். வாரக்கணக்கில் தைத்துவிட்டு முதல் தோய்ப்பில் ஓர் அங்குலம் சுருங்குவதைப் பார்க்க ஏலாது.

சமன் பிடிக்க ஒரு வழி. பிள்ளையை வெறுங்காலோடு, மேடையில் போடுகிற செருப்பு உண்டென்றால் செருப்போடு, சீமெந்துத் தரையில் நிற்கவையுங்கள். அவள் குனிந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் முன்பக்கம் இறங்கிவிடும். தும்புத்தடியின் பிடியில் தரையிலிருந்து 3 அங்குலத்தில் ஒரு றப்பர் பாண்ட் சுற்றிக்கொண்டு, தடியை நிமிர்த்திப் பிடித்தபடி அவளைச் சுற்றி நீங்கள்தான் நகரவேண்டும். றப்பர் பாண்ட் தொடும் இடத்திலெல்லாம் காய்ந்த சவர்க்காரத் துண்டால் ஒரு கீறல். அவளைத் திரும்பச் சொன்னால் கோடு கோணும்.

வெளியே நாடகம் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வொயில் பாவாடை கீழே நிற்காது. கீழ்ஓரத்துக்கு மேலே அரை அங்குல மடிப்பு மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிவரத் தைத்துவிட்டால் பாரம் கூடி அடங்கும். 1810 களின் கவுண்களிலும் இப்படி மடிப்பு வைத்தார்கள். ஒவ்வொரு மடிப்பும் ஓர் அங்குலத் துணியைத் தின்னும் என்பதால் மூன்று அங்குலம் கூட்டித்தான் வெட்டவேண்டும். நான் சேலைக் கரையைக் கீழே வைத்ததால் கூட்ட வழியில்லை. உட்பாவாடையின் ஓரத்தில் தடித்த பருத்திப் பட்டி ஒன்று கொடுத்துச் சமாளித்தேன். எந்த வழியில் செய்தாலும் குறித்த அன்றே மடித்து நூலோட்டிவிடுங்கள். சவர்க்காரக் கோடு திருகோணமலைப் புழுக்கத்தில் விடியும்வரை இருக்காது.